பழைய ஜீப்பின் பின்புற வில்பட்டைகளை மாற்றும் முறை

மலைப்பிரதேசங்களிலும் அவற்றின் அடிவாரங்களிலும் உள்ள கிராமங்களில் ஜீப் வண்டியால் உண்டாகும் பிரயோஜனம் சங்க அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. பால் கேன்களும், உரமூட்டைகளும், நோயாளிகளும், சந்தைக்குப் போகும் சரக்குகளும் வேறு வண்டி ஏறமுடியாத பாதைகளில் ஜீப்பின்மீதே ஏறிச் செல்கின்றன. தேனி ஜில்லாவில் போடி, கம்பம் முதலிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் பல. இவ்வாறு மலைப்பாதைகளில் உழைக்கும் வண்டிகளில் வயது முதிர்ந்தவை ஏராளம். எஞ்சினில் கோளாறு நேர்ந்தால் வண்டி நின்றுவிடுகிறது, உடனே கவனிக்கப்படுகிறது. ஆனால் பின்புறப் பட்டையில் கோளாறு நேர்ந்தால் வண்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டேயிருக்கிறது. அபாயம் இருப்பது அதில்தான்.

ஜீப்பின் மூல உருவம் 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்திற்காக வில்லிஸ் கம்பெனியார் செய்து கொடுத்ததாகும். அதற்கு ராணுவத்தார் இட்ட பெயர் ‘கால் டன் டிரக்’ என்பது. அதாவது, பாதையில்லாத நிலத்தில் 500 பவுண்டு, ஏறக்குறைய 227 கிலோ, சுமக்கும் வண்டி என்று கருத்து. 1940-களின் இறுதியில் இவ்வண்டிகள் பம்பாயில் மஹிந்திரா கம்பெனியாரால் பூட்டப்பட்டு நம் நாட்டில் பரவின. 1953-ல் வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே. 3பி என்னும் வகையும் பின்பு இங்கேயே செய்யப்பட்டு நெடுங்காலம் விற்பனையாயிற்று. அதன் பின்வந்த நீண்ட உடலுள்ள ஜீப்புகள் கால் டன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்க ஏற்பட்டவையே. ஆயினும் ஆளுக்கு 55 கிலோ வீதம் 15 பேர் ஏறினால் 825 கிலோ ஆகிறது. அத்துடன் மூட்டைகளும் ஏறுகின்றன. இந்தப் பாரத்தில் பெரும்பங்கு பின்னச்சின்மீதே விழுகின்றதென்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வர்.

பின்புற வில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளால் ஆனது. இவற்றுள் நீளமானது மெயின் பட்டை. அதன் இரு நுனிகளும் சுருட்டப்பட்டுக் கண்போன்ற துளைகளாக அமைந்திருக்கும். முன்கண் அடிச்சட்டத்தோடு ஒரு போல்ட்டினால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பின்கண்ணோ ‘ஷாக்கிள்’ என்னும் ஊஞ்சல்போன்ற துண்டினால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. பட்டை பாரத்தினால் தட்டையாகும்போது நீள்கிறதல்லவா? அந்த நீட்சிக்கு இடங்கொடுக்கவே ஷாக்கிள் ஆடுகிறது. அடுக்கு முழுவதையும் நடுவில் ஊடுருவிக் கட்டுவது சென்டர் போல்ட். பட்டையையும் அச்சையும் ஒன்றாக இறுக்கிப் பிடிப்பவை பக்கத்திற்கு இரண்டாக உள்ள யூ போல்ட்டுகள். கண்களுக்குள் புஷ் என்னும் குழல் உண்டு. பழைய வண்டிகளில் அது வெண்கலமாகவோ மரையிட்ட இரும்பாகவோ இருக்கும்; பிந்தியவற்றில் ரப்பராக இருக்கும்.

பட்டையின் வேலை பாரத்தைத் தாங்குவது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பழைய ஜீப்பில் பின்னச்சை அதன் இடத்தில் நிறுத்துவதும் இந்தப் பட்டையே. சக்கரம் தரையை உதைத்து வண்டியைத் தள்ளும்போது அந்தத் தள்ளுவிசை மெயின் பட்டையின் முன்பாதி வழியாக முன்கண்ணின் போல்ட்டுக்குச் சென்று, அங்கிருந்துதான் வண்டியைத் தள்ளுகிறது. பிரேக் பிடிக்கும்போது எழும் எதிர்விசையும் அதே வழியாகவே வருகிறது. ஆகவே மெயின் பட்டை அச்சுக்கு முன்னால் ஒடிந்துவிட்டால், அந்தப் பக்கத்துச் சக்கரம் முடுக்கும்போது முன்னுக்கும், பிரேக் பிடிக்கும்போது பின்னுக்கும் நகரத் தொடங்குகிறது. ஓட்டுபவர் ஸ்டீரிங்கைத் தொடாமலே வண்டி ஒருபுறம் இழுக்கிறது. கொண்டையூசி வளைவில் இறங்கும் வண்டி இவ்வாறு இழுத்தால் என்னாகும் என்பதை மலைப்பாதை அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் இரண்டாவது பட்டையின் நுனியும் மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி ஓரளவு வளைக்கப்பட்டிருப்பது இந்த அபாயத்தைக் கருதியே. முதலாவது ஒடிந்தாலும் இரண்டாவது சிறிது நேரம் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிறிது நேரத்தை நம்பி ஒரு மாதம் வண்டி ஓட்டுவோரும் இருக்கின்றனர்.

இனிப் பட்டை ஏன் ஒடிகிறது என்பதைப் பார்ப்போம். இதை அறியாமல் புதுப்பட்டை போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். ஒடிந்த துண்டைக் குப்பையில் எறியாமல் கையிலெடுத்து, ஒடிவு எவ்விடத்தில் என்று நோக்க வேண்டும். சென்டர் போல்ட்டின் துளை வழியாக ஒடிந்திருந்தால், பெரும்பாலும் குற்றவாளி பட்டையன்று, யூ போல்ட்டே. பட்டையில் மிகுதியான வளைவுவிசை விழுவது நடுப்பகுதியிலாகும். துளையிட்டதனால் பலங்குன்றிய இடமும் அதுவே. யூ போல்ட்டுகள் இறுக்கமாயிருக்கும்வரை அந்த நடுப்பகுதி அச்சோடு ஒரே கட்டியாக நின்று வளையாமலிருக்கும். அவை தளர்ந்தவுடன் வளைவு துளைவரை வந்துவிடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் துளையின் விளிம்பில் மயிரிழைபோன்ற ஒரு விரிசல் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒருநாள் பட்டை இரண்டாகிறது. கண்ணுக்கு அருகில் ஒடிந்திருந்தால், ஷாக்கிள் துருவேறி ஆடாமல் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆடவேண்டியது ஆடாவிட்டால் வளையக்கூடாதது வளைகிறது. மற்றோரிடத்தில், அதாவது அடுத்த பட்டையின் நுனி வந்து தொடுமிடத்தில் ஒடிந்திருந்தால், அதிகப் பாரமோ, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் கழன்று போனதோ காரணமாகலாம்.

ஒரு சங்கம் ஒடிந்த மெயின் பட்டை ஒன்றை மாத்திரம் மாற்றிப் பழைய யூ போல்ட்டுகளையே மீண்டும் பூட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீண்டு தேய்ந்த மரையில் நட்டு இறுகியது போலத் தோன்றும். ஆனால் பிடிப்பு இராது. சில மாதங்களில் புதிய பட்டையும் அதே துளையில் ஒடியும். சங்கத்தார் பட்டை விற்றவனைக் குறைகூறுவர். யூ போல்ட்டுகளையும் சென்டர் போல்ட்டையும் புதிதாகப் போட்டிருந்தால் ஆகும் அதிகச் செலவு, இரண்டாம் முறை வண்டியைத் தூக்கி இறக்கும் கூலியைவிடக் குறைவாகவே இருக்கும். சிக்கனம் என்பது எதை வாங்காமல் விடுவது என்பதிலன்று, எதைச் சேர்த்து வாங்குவது என்பதில் இருக்கிறது என்பதற்கு இவ்வேலையைவிடச் சிறந்த உதாரணம் பட்டறையில் இல்லை.

வேலையைத் தொடங்குமுன் சமதரையில் வண்டியை வெறுமையாக நிறுத்தி அளவெடுக்க வேண்டும். இருபுறமும் அச்சிலிருந்து அடிச்சட்டம்வரை உயரம் எவ்வளவு என்றும், முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம்வரை நூல்பிடித்து இருபுறமும் நீளம் ஒன்றாக உள்ளதா என்றும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். உயரம் வேறுபட்டால் பட்டை தளர்ந்திருக்கிறது. நீளம் வேறுபட்டால் அச்சு நகர்ந்திருக்கிறது. பட்டைகளுக்கிடையே செந்நிறத் துருக்கோடு தெரிவதும், யூ போல்ட்டின் அருகில் இரும்பு உராய்ந்து பளபளப்பதும், பட்டைகள் ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் விலகி நிற்பதும் தளர்ச்சியின் அடையாளங்கள். கண்ணுக்கும் ஷாக்கிளுக்கும் இடையே கடப்பாரையின் நுனியை வைத்து நெம்பினால் புஷ் தேய்ந்திருப்பது உடனே விளங்கும்.

வாங்க வேண்டியவை: இரு பக்கத்திற்கும் பட்டைகள், சென்டர் போல்ட்டுகள் 2, யூ போல்ட்டுகள் 4, அவற்றின் நட்டுகள் 8, புஷ்கள், தேய்ந்திருந்தால் ஷாக்கிள்களும் முன்கண் போல்ட்டுகளும், ஷாக் அப்சார்பரின் ரப்பர்கள். ஒருபுறத்தில் மட்டுமே ஒடிந்திருந்தாலும் மறுபுறமும் அதே பாதையில் அதே பாரத்தைச் சுமந்ததாகையால் இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே முறை. ஒருபுறம் புதிதும் மறுபுறம் பழையதுமாக இருந்தால் வண்டி சாய்ந்தே நிற்கும்.

பட்டறைகளில் ‘தடிப்பான பட்டையாகப் போட்டுவிடலாம், இனி ஒடியாது’ என்று சொல்வதுண்டு. இதை நம்புமுன் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். பட்டையின் விறைப்பு அதன் தடிப்பை மூன்று முறை பெருக்கியதற்கு ஏற்ப உயருகிறது. 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 7 மில்லிமீட்டர் போட்டால் 216-க்கு 343 என்ற விகிதத்தில், அதாவது ஏறக்குறைய 60 சதவீதம், அந்தப் பட்டையின் விறைப்பு கூடுகிறது. பாரமில்லாதபோது வண்டி குதிக்கும். சக்கரம் தரையை விட்டெழும். அடிச்சட்டத்திலுள்ள பிடிகளில் விரிசல் காணும். மேலும் ஒரே அளவு வளைக்கும்போது மெல்லிய பட்டையைவிடத் தடித்த பட்டையின் மேற்பரப்பில்தான் விசை அதிகம். எண்ணிக்கையிலும் தடிப்பிலும் வண்டிக்கென்று ஏற்பட்ட அடுக்கையே வாங்குவது நலம். பாரம் மிகுதியென்றால் குறைக்க வேண்டியது பாரத்தையே.

தட்டையான பழைய பட்டையைக் கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. வில்லெஃகின் உயிர் அதன் பதத்திலே இருக்கிறது. தொழிற்சாலையில் அதைச் சுமார் 850 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் குளிர்வித்து, மறுபடியும் 450 முதல் 500 டிகிரியளவில் சூடாக்கிப் பதப்படுத்துகின்றனர். உலையில் காய்ச்சித் தரையில் ஆறவிட்ட பட்டையில் அந்தப் பதம் இல்லை. அது சில நாட்களில் மீண்டும் தட்டையாகும். தண்ணீரில் தோய்த்தாலோ கண்ணாடிபோல் உடையும். ஒடிந்த பட்டையை வெல்டிங் செய்வது இதனினும் கேடானது. அதை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது.

வேலைக்கு முந்திய நாளே எல்லா மரைகளிலும் கம்பிப் புருசினால் சேற்றைத் துடைத்து, மண்ணெண்ணெயோ துருநீக்கும் எண்ணெயோ ஊறவிட வேண்டும். ரப்பர் புஷ்ஷை மாற்றாமல் விடுவதாயிருந்தால் அதன்மீது எண்ணெய் படவிடலாகாது. எண்ணெய் ரப்பரை ஊதச்செய்து அழிக்கும்.

வண்டியைத் தூக்குவதில்தான் உயிர்போகும் தவறுகள் நேர்கின்றன. ஆகையால் இதைச் சற்று விரித்துச் சொல்லுவது அவசியம். பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் முனையிலுள்ள ஒரு டிரம்மையே பிடிக்கிறது. இரு பின்சக்கரங்களும் தரையிலிருக்கும்வரை இது வண்டியை நிறுத்தும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியவுடன், டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பின் தன்மையால், தூக்கிய சக்கரம் ஒருபுறம் சுழல, தரையிலுள்ள சக்கரம் மறுபுறம் உருளலாம். கைப்பிரேக் இழுத்தபடியே இருக்க, வண்டி ஜாக்கியை விட்டு நகர்ந்துவிடும். முதற்கியரில் போட்டு நிறுத்துவதும் இதே காரணத்தால் உதவாது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஆப்புக்கட்டைகள் வைப்பதொன்றே காப்பு. சரிவான இடத்தில் இவ்வேலையைச் செய்யவே கூடாது.

சக்கர நட்டுகளை வண்டி தரையிலிருக்கும்போதே சிறிது தளர்த்திவிட்டு, ஜாக்கியின் அடியில் கனத்த பலகை வைத்து, அச்சின்கீழ்க் கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்கியபின், பட்டையின் முன்பிடிக்குச் சற்று முன்னால் அடிச்சட்டத்தின்கீழ் இருபுறமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்த வேண்டும். தாங்கி கிடைக்காவிடில் ரயில்பாதைக் கட்டைபோன்ற வைரம்பாய்ந்த மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் கூடவே கூடா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குவன. அடிச்சட்டம் தாங்கியின்மீது அமர்ந்தபின் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப்பார்த்து, அசைவில்லையென்று தெரிந்த பிறகே ஒருவர் அடியில் புகலாம். ஜாக்கி அச்சைத் தாங்கட்டும். மனிதனின் மேலுள்ள பாரத்தைத் தாங்கி தாங்கட்டும். எண்ணெய் ஜாக்கியின் உள்ளேயுள்ள ஒரு சிறு ரப்பர் வளையம் கிழிந்தால் வண்டி ஒரு நொடியில் இறங்கிவிடும் என்பதை மறக்கலாகாது.

பின்பு ஜாக்கியைச் சிறிது சிறிதாக இறக்கி, பட்டையில் விசையில்லாத நிலைக்கு அச்சைக் கொண்டுவந்து, சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைக் கழற்றிவிடலாம். அச்சுக்குச் செல்லும் பிரேக் ரப்பர்க்குழாயில் கண்வைத்திருப்பது அவசியம். அச்சின் பாரம் அதில் தொங்கினால் குழாய் உள்ளேயே கிழிந்து, வெளியே ஒன்றும் தெரியாமல், பிறகொரு நாள் பிரேக் இல்லாமற் போகும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒருங்கே கழற்றினால் அச்சு உருண்டு திரும்பிவிடும். அதைப் பழைய இடத்திற்குக் கொணர்வது பெரும்பாடு.

யூ போல்ட்டுகளைக் கழற்றி அடித்தகட்டை எடுத்ததும் அச்சும் பட்டையும் பிரியும். சில வண்டிகளில் பட்டை அச்சின்மேலும், சிலவற்றில் கீழும் அமைந்திருக்கும். எப்படி இருந்ததென்று கழற்றுமுன் பார்த்துக்கொள்வது நலம். அடுத்து ஷாக்கிளையும், பிறகு முன்கண் போல்ட்டையும் எடுக்க வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளின் ‘யூ’ வடிவ ஷாக்கிள்களில் மரையிட்ட புஷ்கள் இருக்கும். இவற்றுள் சிலவற்றின் மரை இடப்புறச் சுற்றுடையது. அவற்றின் அறுகோணத் தலையைச் சுற்றி ஒரு பள்ளக்கோடு இருக்கும், அதுவே அடையாளம். இதை அறியாமல் வழக்கம்போல் இடப்புறம் திருப்பி, கழலவில்லையே என்று ஸ்பானருக்கு நீண்ட குழாய் மாட்டி முறித்தவர் பலர். துருப்பிடித்த போல்ட்டை அடிக்க நேர்ந்தால் நட்டை நுனியளவில் விட்டு, வெண்கலக் கட்டையை வைத்து அடிக்க வேண்டும். பதமான எஃகைச் சுத்தியால் நேரே அடித்தால் சில்லுத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி அணிவது கட்டாயம். கேஸ் கொண்டு வெட்ட நேர்ந்தாலோ பெட்ரோல் டாங்கியும் பிரேக் குழாயும் எங்கேயிருக்கின்றன என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

முழு அடுக்காக வாங்காமல் மெயின் பட்டையை மட்டும் மாற்றுவோர், சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் அடுக்கை வைஸிலோ இரு கிளாம்புகளிலோ இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பட்டையும் வெவ்வேறு வளைவுடையதாகையால், போல்ட் விடுபட்டதும் அடுக்கு துள்ளி விரியும்; அருகிலுள்ள கையும் முகமும் தப்புவது அரிது.

புதிய அடுக்கைப் பூட்டுமுன் பழையதன் பக்கத்தில் கிடத்தி அளவு பார்க்க வேண்டும். சென்டர் போல்ட்டிலிருந்து முன்கண்ணுக்கும் பின்கண்ணுக்கும் உள்ள தூரம் எல்லா வண்டிகளிலும் சமமன்று. சமமில்லாததைத் தலைமாற்றிப் பூட்டினால் அச்சு இடம்மாறி நிற்கும். ரப்பர் புஷ்ஷைச் சோப்புநீர் தொட்டுப் புகுத்துவதே தக்கது; கிரீஸ் வேண்டாம். வெண்கலப் புஷ்ஷிற்கோ கிரீஸ் உயிர்நாடி. நிப்பிள் அடைபட்டிருக்கிறதா என்று முன்னரே பம்பு அடித்துப் பார்க்கலாம்.

முன்கண்ணை முதலிலும் ஷாக்கிளைப் பிறகும் மாட்டி, நட்டுகளைக் கையளவில் மட்டும் திருகிவைக்க வேண்டும். ஜாக்கியால் அச்சை மெல்ல நகர்த்தி, சென்டர் போல்ட்டின் தலை அச்சின் பீடத்திலுள்ள குழியில் சரியாக இறங்குகிறதா என்று விரலை விடாமல் விளக்கொளியில் பார்த்தல் நலம். தலை குழியில் விழாமல் விளிம்பில் நிற்க யூ போல்ட்டை இறுக்கினால், இறுகியதாகவே தோன்றும். முதற் பள்ளத்தில் எல்லாம் தளர்ந்துவிடும். யூ போல்ட்டின் நான்கு நட்டுகளையும் குறுக்கு முறையில், ஒன்றைச் சிறிது, எதிர்மூலையிலுள்ளதைச் சிறிது என்று மாறிமாறி இறுக்கி, நான்கு முனைகளிலும் மரை ஒரே அளவு வெளியே தெரியும்படி செய்ய வேண்டும். சிறு ஜீப்பின் மெல்லிய யூ போல்ட்டுகளுக்குச் சுமார் 50 அடி-பவுண்டு இறுக்கம் போதும். ஓரடி நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 23 கிலோ எடை தொங்குவது போன்ற விசை அது. தடித்த போல்ட்டுகளுள்ள வண்டிகளுக்கு அதிகம் வேண்டும். அந்தந்த வண்டியின் கையேட்டிலுள்ள கணக்கையே கொள்க. மிகுதியாக இறுக்குவதும் போல்ட்டை நீட்டிவிடும்.

ரப்பர் புஷ்ஷுள்ள வண்டிகளில் முன்கண் போல்ட்டையும் ஷாக்கிள் நட்டுகளையும் வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுதும் இறுக்கலாகாது. சக்கரங்களை மாட்டி, தாங்கிகளை எடுத்து, வண்டியின் முழுப்பாரமும் தரையில் நின்றபின் முன்னும் பின்னும் ஓரிருமுறை குலுக்கிவிட்டு, அப்பொழுதே இறுக்க வேண்டும். ரப்பர் தேய்ந்து சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு ஆடுகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்குண்டு நிற்கும், சீக்கிரத்தில் கிழியும். பட்டறைகளில் அவசரத்தால் மிகுதியும் விடப்படுவது இந்த ஒரு காரியமே. வண்டிச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்விக்க வேண்டியதும் இதுவே. மரையிட்ட புஷ்ஷுள்ள பழைய ஷாக்கிள் இதற்கு மாறானது. அதில் புஷ் பிடியோடு இறுகியிருக்க, ஷாக்கிள் கையால் அசைத்தால் அசையும்படி இருத்தல் வேண்டும்.

முடிந்ததும் பழைய அளவுக் குறிப்பை எடுத்து இருபுற உயரத்தையும் நீளத்தையும் மறுபடி அளக்க வேண்டும். பிரேக் குழாய் எங்கும் உரசாமலிருப்பதையும் பார்த்து, வெறும் வண்டியாகச் சமதரையில் ஓட்டி, பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே பாரம் ஏற்றலாம். புதிய பட்டைகள் ஒன்றின்மேலொன்று படியும்போது அடுக்கின் தடிப்பு நூலளவு குறைவது இயல்பு. அந்த நூலளவுக் குறைவே யூ போல்ட்டைத் தளர்த்தப் போதுமானது. ஆகையால் முதல் 100 கிலோமீட்டரிலும், மறுபடி 500 கிலோமீட்டரிலும், அதற்குப்பின் ஒவ்வொரு முறை எஞ்சின் எண்ணெய் மாற்றும்போதும் நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

வண்டி சங்கத்துக்குச் சொந்தமாயிருந்தால், கழற்றிய பழைய பட்டைகளையும் போல்ட்டுகளையும் காரியக்கமிட்டியின்முன் வைத்து எண்ணிப் பார்த்த பிறகே பில்லுக்குப் பணம் கொடுப்பது முறை. பில்லில் ‘பட்டை வேலை’ என்று மொத்தமாக எழுதியிருந்தால் திருப்பியனுப்பி, யூ போல்ட் எத்தனை, சென்டர் போல்ட் எத்தனை, புஷ் எத்தனை, கூலி எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். மீட்டரில் அன்று காணும் கிலோமீட்டரையும், ஒடிவு எவ்விடத்திலிருந்தது என்பதையும் வண்டிப் புத்தகத்தில் ஒரே வரியில் எழுதிவைத்தால், அடுத்த முறை பட்டை ஒடியும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தப் பக்கமே.